எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றியவர்

அவர் சாப்பிடுவதை வேடிக்கை பார்ப்பதற்காகவே கேன்டீனுக்குச் சீக்கிரம் போகிறவர்கள் எங்கள் தொழிற்சாலையில் இருந்தார்கள். மூன்றடுக்கு டிபன் கேரியரைப் பிரித்து வரிசையாக வைப்பார். முதலில் குழம்புச் சோறு. அது முடிந்ததும் எழுந்து போய்க் கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வந்து ரசச் சோறு. மறுபடியும் எழுந்து கை கழுவல். பிறகுதான் மோர்ச் சோறு. ஒரு சாப்பாட்டுக்கு மூன்று தடவை கை கழுவுகிற மனிதரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கிண்டல் செய்தால் கோபம் வராது. "அது வேற, இது வேறங்க. ஏன் ஒண்ணா போட்டுக் கொழப்பணும்?" என்பார்.

இந்த "அது வேற, இது வேற" அவர் வாயில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது வரும். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். ஒன்று கம்பெனி எழுத்து வேலைக்கு, மற்றது சொந்தக் கடிதங்களுக்கு. ஊர் சுரக்குடி. அங்கே தம்பியோடு வரப்புத் தகராறு முற்றிக் கோர்ட்டுக்குப் போயிருந்தது. அந்தத் தம்பி மகளுக்குக் காது குத்து வந்தபோது லீவு போட்டுவிட்டுப் போய், பெரியப்பாவாக முன்னால் நின்று பந்தி விசாரித்துவிட்டு வந்தார். மறுவாரமே வாய்தாவுக்குப் போய்த் தம்பிக்கு எதிராகக் கோர்ட்டிலும் நின்றார். "எப்படி சார் முடியுது?" என்று கேட்டேன். "வழக்கு வேற, புள்ள வேறங்க" என்றார். அவர் சொன்ன விதத்தில் அது மிகவும் எளிதான காரியம் போலத் தெரிந்தது.

நான் அந்தத் தொழிற்சாலையில் டெலிபோன் ஆப்பரேட்டராகச் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். கோட்டுச்சேரிப் பக்கம், கடலுக்கு ஒரு மைல் உள்ளே தள்ளி இருந்தது. கடற்கரையில் ஒரு பம்பு வீடு. அங்கிருந்து கடல் தண்ணீரைக் குழாயில் இறைத்துக் கொண்டுவந்து, ஏதேதோ ரசாயனம் எடுத்தார்கள். பம்பு வீட்டுக்கும் எங்களுக்கும் இடையே கம்பங்களில் இரண்டு மெல்லிய ஒயர்கள் ஓடின. ஒன்று டெலிபோன். மற்றது அங்குள்ள தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் கன்ட்ரோல் ரூமில் இருக்கும் முள்ளுக்குச் சொல்லும். மோட்டார் ஓட்டுகிற தடித்த ஒயர்களெல்லாம் எலெக்ட்ரீஷியன்கள் பொறுப்பு. சேதி சொல்லுகிற மெல்லிய ஒயர்களும் முள்களும் இவர் பொறுப்பு. பதவியின் பெயர் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்.

ஐப்பசி பிறந்தால் ஊரில் எல்லோருக்கும் மழைக்காலம், அவருக்கு மட்டும் இடிக்காலம். இடி நேராக நம் தலையில்தான் விழ வேண்டும் என்பதில்லை. எங்கேயோ வரிச்சிக்குடி வயலில் விழுந்தாலும் அதன் வீச்சு இந்த மெல்லிய ஒயரில் ஏறி ஓடிவந்து, கருவிக்குள் இருக்கும் சாமான்களைக் கருக்கிவிடும். வருஷா வருஷம் நாலைந்து கருவிகள் போகும். நான் சேர்ந்த முதல் மழையில் என் ஹெட்போனில் 'டப்' என்று ஒரு அடி. தலைக்குள் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷம் அவர் மூச்சு வாங்க ஓடி வந்து நின்றார். "காதைக் கழட்டுங்கம்மா! மொதல்ல காதைக் கழட்டுங்க!"

அன்று முதல், மேகம் உறுமினால் ஹெட்போனைக் கழற்றிவிட வேண்டும், யாருக்கும் லைன் போடக் கூடாது என்று எனக்கு ஒரு சட்டம் போட்டார். அதை வீட்டில் சொன்னேன். அப்பா பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் உத்தியோகம் பார்த்தவர், எல்லோரையும் முசியே போட்டுத்தான் சொல்வார். "உங்க இடி முசியே இன்னைக்கு என்ன சட்டம் போட்டாரு?" என்று தினமும் கேட்பது அவருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. நானும் சிரித்துக்கொண்டே சொல்வேன். ஆனால் எனக்கு அந்த மனிதர் மேல் நல்ல பிரியம் இருந்தது. என் காதைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள் அந்தக் கம்பெனியில் அவர்தான்.

அவர் பெரிய ஆளானது வேறொரு காரியத்தில். பட்டறையில் வெல்டிங் வைத்தால் போதும், கன்ட்ரோல் ரூமில் முள்களெல்லாம் நடுங்க ஆரம்பித்துவிடும். யாராலும் நிறுத்த முடியவில்லை. இவர் ஒரு வாரம் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "எர்த்துதான் காரணம்" என்றார். எர்த் என்றால் ஆள் உயரத்துக்கு மேல் குழி தோண்டி, செம்புத் தகட்டை இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடுவது. வேண்டாத கரண்டெல்லாம் அந்த வழியாக மண்ணுக்குள் போய்விடும். மோட்டார், வெல்டிங், முள் எல்லாவற்றுக்கும் அதுவரை ஒரே குழிதான். இவர் கேன்டீனுக்குப் பின்னால், நாற்பது தப்படி தள்ளி, தன் முள்களுக்கென்று தனியாக ஒரு குழி தோண்டினார். மறுநாள் வெல்டிங் வைத்தார்கள். ஒரு முள்ளும் அசையவில்லை. மேனேஜர் வந்து கை கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்தக் குழிக்கு அவர் செய்த உபசாரத்தைப் பார்க்க வேண்டும். மண் காய்ந்தால் கரண்ட் இறங்காது என்று கோடையில் தினமும் இரண்டு வாளித் தண்ணீர் சுமந்து ஊற்றுவார். "சார் கரண்ட்டு வெதைச்சிருக்காரு, அறுப்பு எப்ப?" என்று பையன்கள் கேலி செய்வார்கள். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி போடுவார். ஒரு தடவை யாரோ அதன் ஓரத்தில் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டார்கள். அவர் வாய்விட்டுக் கத்தி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

இடிக்கு மருந்து கேட்டு அவர் கம்பெனிக்கு எழுதிக்கொண்டே இருந்தார். நான் சேர்ந்து மூன்றாம் வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே சோப்புப் பெட்டி அளவில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன டப்பாக்கள். ஒயரில் ஒரு முனை, எர்த்தில் ஒரு முனை. "சும்மா இருக்கிறப்ப இது வாயை மூடிட்டு இருக்குங்க. ஒயர்ல இடி வந்திச்சுன்னா வாயைத் தொறந்து அதை மண்ணுக்குள்ள தள்ளிடும்" என்று குழந்தைக்குச் சொல்வது போல எனக்குச் சொன்னார். என் போர்டில் ஒன்று, கன்ட்ரோல் ரூமில் சில, பம்பு வீட்டில் இரண்டு. இங்கே இருப்பதையெல்லாம் தன் குழியில் கட்டினார். பம்பு வீட்டில் மோட்டாருக்கு ஏற்கெனவே ஒரு குழி இருந்தது. அதைத் தொடாமல், மணலில் எட்டத் தள்ளி, தன் ஒயர்களுக்கென்று இன்னொரு குழி தோண்டிக் கட்டினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அதில் கேட்க என்ன இருக்கிறது?

டப்பா அனுப்பிய கம்பெனியிலிருந்து ஒரு நாள் டிரங்க் கால் வந்தது. அவர் எங்கே எப்படிக் கட்டியிருக்கிறார் என்று எழுதிப் போட்டிருந்தார் போல. ஆள் சீட்டில் இல்லாததால் சேதியை நானே எழுதிக்கொண்டேன். அடியில் கார்பன் வைத்த சீட்டுப் புத்தகம். இரண்டு எர்த்தையும் தடித்த செம்புப் பட்டையால் ஒன்றாகக் கட்டிவிட வேண்டும், தனித்தனியாக விடுவது ஆபத்து, இது முக்கியம் என்று அந்தக் குரல் இரண்டு தடவை சொன்னது. நானும் முக்கியம் என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டுச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

படித்துவிட்டுச் சிரித்தார். "ஏங்க ஆப்பரேட்டரம்மா, உங்க வீட்டுல குடிதண்ணிக் குழாயையும் சாக்கடையையும் ஒண்ணா சேருங்கன்னு ஒருத்தன் போன்ல சொன்னா, சேத்துடுவீங்களா?"

"அதெப்படி சார்?"

"அதேதாங்க இது. அவன் மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டுச் சொல்றான். இங்க வெல்டிங் வெச்சா முள்ளு ஆடுனதை அவன் பாத்தானா?"

எனக்கும் அது முழுக்க நியாயமாகப் பட்டது. முள் நடுங்கியதை நானே பார்த்திருக்கிறேன், நின்றதையும் பார்த்திருக்கிறேன். முகம் தெரியாத அந்த ஆளை விட, எதிரே நின்ற இவரைத்தான் நம்பினேன். அந்த மழைக்காலம் முழுக்க ஒரு கருவிகூடக் கருகவில்லை. சீட்டை நான் மறந்தே போனேன்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் ஒரு மத்தியானம். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. தொட்டி முள் திடீரென்று பூஜ்யத்தில் படுத்துவிட்டது. அவர் கன்ட்ரோல் ரூமில் அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் தன் அறையிலிருந்து எனக்குப் போன் செய்தார்.

"பம்பு வீட்டுக்குப் போடும்மா. தொட்டியில தண்ணி இருக்கா இல்லையான்னு கேக்கணும்."

"சார், மின்னுது சார். இந்த நேரத்துல லைன் போடக் கூடாதுன்னு..."

"அதான் டப்பா வெச்சாச்சுல்ல? அப்புறம் என்ன பயம்? போடு."

போட்டேன். பம்பு வீட்டில் மணி அடித்தது. கலியபெருமாள் எடுத்தான். கோட்டுச்சேரிமேட்டுக்காரன், முப்பது வயசு இருக்கும், பம்பு வீட்டில் டெம்பரவரி வேலை. இரண்டு பேரையும் இணைத்துவிட்டு நான் செய்த முதல் காரியம் என் ஹெட்போனைக் கழற்றியது. இதை எழுதுகிறபோதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் காதை நான் பத்திரமாக எடுத்துக்கொண்டேன். அவன் காதில் ரிசீவர் இருந்தது.

மோட்டார் சூடாகிறதா என்று இடது கையை அதன் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே பேசுவது அவன் பழக்கம். அன்றும் அப்படித்தான் நின்றிருக்கிறான். பம்பு வீட்டு வாசலில் இருந்த கரண்ட் கம்பத்தில் இடி இறங்கியது. இங்கே என் அறையின் கண்ணாடி ஜன்னலே அதிர்ந்தது. மேனேஜர் "ஹலோ, ஹலோ" என்று கத்துவது அவர் அறையிலிருந்து கேட்டது.

உயிர் போகவில்லை. வலது காது போய்விட்டது. வலது உள்ளங்கை வெந்து, ஆறிய பிறகும் விரல்கள் நிமிரவில்லை, பாதி மடங்கியே நின்றுவிட்டன. இனி மோட்டார் வால்வைத் திருகவும் முடியாது, கடலுக்குப் போய் வலை இழுக்கவும் முடியாது.

மறுநாள் காலையில் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பம்பு வீட்டுக்குப் போய், மத்தியானம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். பிறகு என் அறைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அந்த மெட்ராஸ்காரன் சொன்னது சரிங்க" என்றார். "கம்பத்துல எறங்குன இடி மோட்டார் குழிக்குப் போயிருக்கு. அந்த ஒரு நொடி மோட்டாரு, அதோட குழி எல்லாம் மலை ஒசரத்துக்கு ஏறியிருக்கும். என் குழி எட்டத்துல சும்மா கெடந்திருக்கு. போனு என் குழியில கட்டியிருக்கேன். அவன் ஒரு கை மோட்டார்ல, ஒரு கை போன்ல. மேட்டுலேருந்து பள்ளத்துக்கு ஓடறதுக்கு அவந்தாங்க வாய்க்கா. ரெண்டையும் சேத்துக் கட்டியிருந்தா ரெண்டும் ஒண்ணா ஏறி ஒண்ணா எறங்கியிருக்கும். அவனுக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன். "இடி விழுந்ததுக்கு நீங்க என்னங்க சார் பண்ணுவீங்க?"

"இடி வேறம்மா. நான் பண்ணது வேற" என்றார். அன்று சாயங்காலம் பம்பு வீட்டிலும் இங்கேயும் அவரே மண்வெட்டி எடுத்து வாய்க்கால் வெட்டி, செம்புப் பட்டை போட்டு இரண்டு குழிகளையும் சேர்த்துக் கட்டினார். கூட யாரையும் விடவில்லை.

அதற்குப் பிறகுதான் வேதனை தொடங்கியது. கார்பன் சீட்டை என்னிடம் வாங்கிக்கொண்டு, நடந்தது தன் தப்பு என்று ஒரு கடிதமும் எழுதி மேனேஜரிடம் கொடுத்தார். எந்தப் பேனாவில் எழுதினார் என்று எனக்குத் தெரியாது. மேனேஜர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ரிப்போர்ட் போயாச்சு. இயற்கைச் சீற்றம்னு எழுதியாச்சு. நீங்க போய் ரெண்டு நாள் லீவு எடுத்துக்கிட்டு ரெஸ்ட் எடுங்க." யூனியன் செயலாளரிடம் போனார். "இதக் குடுத்தீங்கன்னா உங்களை வேலையைவிட்டுத் தூக்குவான். அப்புறம் நாங்க ஸ்டிரைக் பண்ணணும். இருக்கிற பிரச்சினை போதாதா?" என்றார் அவர். வழக்காடிக்கொண்டிருந்த தம்பிகூட வந்து, உன் மேல் தப்பில்லை அண்ணே என்று சொல்லிவிட்டுப் போனானாம். அதையும் என்னிடம் வந்து சொன்னார்.

"எங்க போனாலும் மன்னிச்சு அனுப்பிடறாங்கம்மா. யாராச்சும் ஒருத்தர், ஆமாய்யா நீ பண்ணதுதான்னு சொன்னா போதும். ஒருத்தருமே வாங்கிக்கலைன்னா இதை நான் எங்கதான் எறக்கி வைக்கிறது?"

"எங்க மாதா கோயில்ல சாமியாருக்கிட்ட பாவசங்கீர்த்தனம்னு பண்ணுவோம் சார். மனசுல இருக்கிறதைச் சொல்லிட்டு வந்தா பாரம் கொறையும். நீங்களும் வேணும்னா..."

"சாமியாருக்கா காது போச்சு?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தவள் அவரோடு கலியபெருமாள் வீட்டுக்குப் போனேன். கூப்பிட்டது அவர். எனக்கும் ஒரு காரணம் இருந்தது. லைன் போட்டவள் நான்தான் என்பதை அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கலியபெருமாள் பாயில் உட்கார்ந்திருந்தான். எங்களைக் கண்டதும் எழப் போனான். அவன் மனைவி கலர் சோடா வாங்கி வைத்தாள். அவர் சோடாவைத் தொடவில்லை. அவனுடைய இடது பக்கமாகப் போய்த் தரையில் உட்கார்ந்து, சீட்டு வந்ததிலிருந்து இரண்டு குழி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். குரலை உயர்த்தாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவனுக்கு எல்லாம் புரிந்தது. மோட்டாரோடு இருந்தவன் அல்லவா? தன் மடங்கிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத வேற யார்ட்டயாவது சொன்னீங்களா சார்?"

"எல்லார்ட்டயும் சொல்லிட்டேம்பா. யாரும் காதுல போட்டுக்கல."

கலியபெருமாள் மூச்சை விட்டான். "நல்லதாப் போச்சு. இனிமே சொல்லாதீங்க சார்."

"ஏம்பா?" என்றார் அவர்.

"மேனேஜர் ஆளு அனுப்பியிருந்தாருங்க. இடி விழுந்து அடிபட்டுச்சுன்னு கையெழுத்து வாங்கிட்டுப் போயிருக்காங்க. கேட்ல நிக்கிற வேலை தரேன்னிருக்காரு, பர்மனென்ட்டு. இப்பப் போயி கம்பெனி தப்புன்னு கெளம்புச்சுன்னா, மின்னறப்ப நீ ஏன்டா போனை எடுத்தேன்னு என்னையத்தான் சார் கேப்பாங்க. இந்தக் கைய வெச்சுக்கிட்டு நான் வேற எங்க போவேன்?"

அவன் மனைவி அதுவரை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்க கால்ல வேணாலும் விழறேங்க. அது இடின்னே இருக்கட்டும்" என்று குனிந்தாள். அவர் பதறி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஒரு மனிதர் அப்படி நிற்பதை நான் பார்த்ததில்லை. அவருக்குப் போக இடமில்லை. சொன்னால் அவன் சோற்றில் மண் விழும். சொல்லாவிட்டால் அது அவருக்குள்ளேயே கிடக்கும். கடைசியில் சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது அவரிடம்தான் சொன்னேன், அன்று லைன் போட்டது நான் என்று. "மேனேஜர் போடச் சொன்னாரு, போட்டீங்க. உங்க மேல என்னங்க தப்பு?" என்றார் உடனே, யோசிக்காமல். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு மாதமாக எல்லோரும் அவருக்கு என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தை மாதம் கலியபெருமாள் காக்கிச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு கேட்டில் நின்றான். அதிகாரிகள் காருக்கு மட்டும்தான் சல்யூட் அடிக்க வேண்டும் என்பது உத்தரவு. அவன் ஒரு சைக்கிளுக்கும் அடித்தான். அவர் உள்ளே வரும்போது விறைத்து நின்று, நிமிராத விரல்களோடு அந்த வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோவான். வேண்டாம் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். ஷிஃப்ட் மாறும் நேரமாகப் பார்த்து வந்தார், அரை மணி முன்னால் வந்தார். அவனும் முன்னாலேயே வந்து நின்றான். நானே ஒரு நாள் அவனிடம் போய், சாருக்கு அது பிடிக்கவில்லை, விட்டுவிடேன் என்றேன்.

"எப்படி அக்கா விடறது? ஆனானப்பட்ட கம்பெனியில என் வூட்டுப் பாயில வந்து உக்காந்தது அவரு ஒருத்தர்தான?" என்றான்.

அவரும் பிறகு தப்பிக்கப் பார்ப்பதை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் அங்கே வேலை பார்த்த வருஷங்கள் பூராவும், காலையில் என் ஜன்னல் வழியாக அதைப் பார்ப்பேன். கேட்டுக்கு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்குவார். அவன் கை நெற்றிக்குப் போகும். அது கீழே இறங்குகிற வரைக்கும் அவர் தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நிற்பார்.